பொறிகளின் சாட்சியம்: கணினி நிகழ்வுப் பதிவேடுகளும் திறந்த மூல மென்பொருள்களும்

1. மும்பையில் எழுந்த வினா

2020ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 12ஆம் நாள் காலை 10 மணியளவில் மும்பை மாநகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் மின்வழங்கல் ஒருசேர நின்றது. புறநகர் மின்ரயில்கள் ஆங்காங்கே நடுவழியில் நின்றன. மருத்துவமனைகள் டீசல் ஜெனரேட்டர்களை நம்பி நின்றன. பல்கலைக்கழகம் அன்று இணையவழி நடத்தவிருந்த தேர்வுகளைத் தள்ளிவைத்தது. இன்றியமையாத பணிகளுக்குரிய மின்சாரம் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் திரும்பியது. புறநகரின் சில பகுதிகள் இரவு வரை காத்திருந்தன.

மும்பைக்கு வேண்டும் மின்சாரத்தின் ஒரு பகுதி செம்பூரை அடுத்த டிராம்பே மின்நிலையத்தில் உண்டாக்கப்படுகிறது. மற்றொரு பெரும்பகுதி கல்வா, பட்கா, கார்கர் முதலிய துணைமின் நிலையங்களின் வழியே வெளியிலிருந்து வருகிறது. தாராவி போன்ற இடங்களில் உள்ள ஏற்பு நிலையங்கள் இம்மின்சாரத்தைப் பெற்று நகருக்குள் பகிர்ந்தளிக்கின்றன. வெளியிலிருந்து வரும் வழிகள் அறுந்தால், நகரம் மட்டும் தனித்தீவு போலப் பிரிந்து தன் மின்நிலையங்களைக் கொண்டே இயங்குமாறு பல பத்தாண்டுகளுக்கு முன்னரே ஓர் ஏற்பாடு அமைக்கப்பட்டிருந்தது. அன்று அவ்வேற்பாடு நகரைக் காக்கவில்லை.

இடர் நீங்கியபின் மற்றொரு வினா எழுந்தது. இது கருவிகளின் பழுதா, இயக்குவோரின் பிழையா, கணினி வழியே எவரேனும் செய்த கேடா? 2021 பிப்ரவரி இறுதியில் ரெக்கார்டட் ஃப்யூச்சர் என்னும் அமெரிக்க நிறுவனம், இந்திய மின்துறையின் கணினி வலையமைப்புகளில் அயல்நாட்டுக் குழு ஒன்று நுழைந்ததற்கான குறிகளைக் கண்டதாக அறிவித்தது; ஆயினும் மும்பை நிகழ்ச்சிக்கும் அதற்கும் தொடர்பு உறுதிப்படவில்லை என்று அவ்வறிக்கையே கூறிற்று. மார்ச் முதல் நாள், மாநிலச் சைபர் பிரிவின் முதற்கட்ட அறிக்கை தீய நிரல்கள் புகுத்தப்பட்டிருக்கக்கூடும் எனக் குறித்தது. மறுநாள் மத்திய மின்துறை அமைச்சர், மின்தடைக்குக் காரணம் மனிதப் பிழையே. சைபர்த் தாக்குதலே அதனை விளைவித்தது என்பதற்குச் சான்று இல்லை என்றார்.

இவற்றுள் எது சரி என்று ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. இத்தகைய வினாவுக்கு விடை எங்கிருந்து கிடைக்கும் என்பதே இங்குக் கருதத்தக்கது. மனிதரின் நினைவு மங்கும். மின்சாரம் திரும்பியபின் கருவியைப் பார்த்தால் அது வழக்கம்போல் இயங்கும். நிகழ்ந்தது நிகழ்ந்தவாறே அந்த நொடியில் எழுதப்பட்ட குறிப்பு ஒன்றே சாட்சியாக நிற்கும். அக்குறிப்பையே நிகழ்வுப் பதிவேடு என்கிறோம்; அலுவலகங்களில் ‘லாக்’ என்றே வழங்குவர்.

2. பதிவேடு என்பது யாது?

‘லாக்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் முதற்பொருள் மரக்கட்டை. பண்டைய மாலுமிகள், முடிச்சிட்ட கயிற்றில் கட்டிய கட்டையைக் கடலில் எறிந்து, குறித்த நேரத்தில் எத்தனை முடிச்சுகள் ஓடின என்று எண்ணிக் கப்பலின் வேகத்தை அறிந்தனர். அவ்வளவைக் குறித்த ஏடு கட்டையின் பெயரையே பெற்றது. பின்னர்க் காற்றின் திசை, வானிலை, விபத்து என அனைத்தும் அதில் எழுதப்பட்டன. கப்பல் பாறையில் மோதினால், விசாரணையில் முதலில் கேட்கப்படுவது அவ்வேடே.

மின்துறையில் இவ்வழக்கம் நன்கு வேரூன்றியுள்ளது. துணைமின் நிலையங்களில் ஒவ்வொரு சுவிட்சும் எந்நேரத்தில் திறந்தது, எந்நேரத்தில் மூடியது என்பதை ‘ஈவன்ட் லாகர்’ குறிக்கிறது. மின்னழுத்தமும் மின்னோட்டமும் பழுதின்போது எவ்வாறு மாறின என்பதை ‘டிஸ்டர்பன்ஸ் ரெக்கார்டர்’ வரைகிறது. மின்தொகுப்பில் குழப்பம் நேர்ந்தால் இவ்விரு பதிவுகளையும் 24 மணி நேரத்துக்குள் மண்டலச் சுமை பகிர்வு மையத்துக்கு அனுப்பவேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் 2010ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிக்கிறது.

கணினியும் அவ்வாறே தன் செயல்களை எழுதிவைக்கிறது. யார் உள்நுழைந்தார், எவர் தவறான கடவுச்சொல் இட்டார், எந்த நிரல் நின்றது, எந்த வட்டு பழுதுறும் நிலையில் உள்ளது என்பன யாவும் வரிவரியாக ஏறுகின்றன. இவ்வரிகளைத் திரட்டி, அனுப்பி, சேமித்து, தேடித் தரும் மென்பொருள்களில் பெரும்பாலானவை திறந்த மூல மென்பொருள்கள். அதாவது மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். ஒரு சாட்சியை எழுதும் கருவி எவ்வாறு எழுதுகிறது என்பதைச் சோதித்தறிய முடிவது இவற்றின் சிறப்பியல்பாகும்.

3. ஒரு வரியின் உறுப்புகள்

1980களில் அமெரிக்காவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் என்பார் தம் மின்னஞ்சல் மென்பொருளுக்குத் துணையாக ‘சிஸ்லாக்’ என்னும் முறையை அமைத்தார். அது பிற மென்பொருள்களுக்கும் பொதுவாயிற்று. இன்றும் கணினி, ரௌட்டர், அச்சுப்பொறி ஆகிய பலவும் இம்முறையிலேயே செய்தி அனுப்புகின்றன.

ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஓர் எண் உண்டு. அஃது இரு செய்திகளை ஒருங்கே அடக்கியது. முதலாவது, செய்தி எப்பகுதியிலிருந்து வந்தது என்பது; இதற்கு 0 முதல் 23 வரை எண்கள் உள. இரண்டாவது, அதன் கடுமை. 0 முதல் 7 வரை எட்டுப் படிகள் உள. 0 என்பது பொறி பயன்படா நிலை, 1 உடன் நடவடிக்கை வேண்டுவது, 2 நெருக்கடி, 3 பிழை, 4 எச்சரிக்கை, 5 குறிப்பிடத்தக்கது, 6 தகவல், 7 நிரலாளருக்குரிய நுண்விவரம். எண் சிறிதாகுந்தோறும் கடுமை மிகும் என்பதை மாணவர் நினைவிற்கொள்ள வேண்டும்.

பகுதி எண்ணை 8ஆல் பெருக்கிக் கடுமை எண்ணைக் கூட்டினால் வரியின் தலைப்பெண் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, தலைப்பெண் 86 எனில், அதனை 8ஆல் வகுக்க ஈவு 10, மீதி 6. பத்தாம் பகுதி உள்நுழைவுப் பாதுகாப்பைக் குறிப்பது. கடுமை 6 என்பது வெறும் தகவல். ஆகவே இஃது எவரோ முறைப்படி உள்நுழைந்த செய்தியாக இருக்கக்கூடும். ஐந்தாம் வகுப்பு மாணவரும் செய்யக்கூடிய வகுத்தல் கணக்கே இது.

4. கடிகாரம் பிழைத்தால் சாட்சி பிழைக்கும்

நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகள் உடையது. ஒரு சுழற்சி 20 மில்லிநொடி. உயர் அழுத்தப் பாதையில் பழுது நேர்ந்தால் காப்புக் கருவிகள் ஒரு நொடியின் பத்திலொரு பங்குக்குள் அதனைத் துண்டிக்கின்றன. டிராம்பேயில் ஒரு சுவிட்சும் கல்வாவில் ஒரு சுவிட்சும் அடுத்தடுத்துத் திறந்தன என்று கொள்வோம். ஒரு நிலையத்தின் கடிகாரம் ஒரே ஒரு நொடி பிந்தியிருந்தாலும், எது முதலில் திறந்தது என்ற வரிசை தலைகீழாகிவிடும். காரணம் விளைவாகவும், விளைவு காரணமாகவும் தோன்றும்.

கணினிக்குள் உள்ள சாதாரணக் குவார்ட்ஸ் கடிகாரம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிழைபடுவது இயல்பு. ஒரு நாளில் 86,400 நொடிகள் ஆதலின், நாளொன்றுக்குச் சுமார் 1.7 நொடி பிழை சேரும். ஒரு திங்களில் அது 52 நொடியாகும். இதனைத் திருத்தவே வலையமைப்பு வழியாக நேரம் பெறும் முறை ஏற்பட்டது. இந்தியத் திட்ட நேரத்தைக் காப்பது புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம். அதன் நேரச் சேவையுடனோ, தேசியத் தகவலியல் மையத்தின் சேவையுடனோ, அவற்றுக்கு இணங்க இயங்கும் சேவையுடனோ கடிகாரங்கள் ஒத்திருக்க வேண்டும் என்பது இன்று விதியாகும்.

பழைய சிஸ்லாக் வரியில் திங்களும் நாளும் மணியும் இருந்தன, ஆண்டு இல்லை, நேர வலயமும் இல்லை. சென்ற ஆண்டு அக்டோபரா, இவ்வாண்டு அக்டோபரா என்று ஐயுறும் நிலை இருந்தது. 2009 மார்ச்சில் வெளிவந்த புதிய தரமுறை, ஆண்டு, நொடியின் பின்னம், உலகப் பொது நேரத்திலிருந்து உள்ள வேறுபாடு ஆகியவற்றைச் சேர்த்து இக்குறையை நீக்கிற்று. எனினும் பல கருவிகள் இன்னும் பழைய வடிவிலேயே எழுதுகின்றன. களப்பணியாளர் இதனைச் சரிபார்த்துக்கொள்ளுதல் நலம்.

5. பதிவைப் பிறிதோரிடத்தில் வைத்தல்

கணினிக்குள் புகுந்த தீயோன் முதலில் செய்ய முனைவது தன் அடிச்சுவட்டை அழிப்பதே. பதிவேடு அதே கணினியில் மட்டும் இருப்பின், திருடனிடமே கணக்குப் புத்தகத்தைக் கொடுத்ததாகும். ஆதலின் ஒவ்வொரு வரியும் எழுதப்பட்ட அக்கணமே வேறொரு கணினிக்கும் செல்லுதல் வேண்டும்.

இப்பணிக்கென எழுந்த திறந்த மூல மென்பொருள்களுள் 1998இல் ஹங்கேரியில் தோன்றிய சிஸ்லாக்-என்ஜியும், 2004இல் ஜெர்மனியில் ரைனர் கெர்ஹார்ட்ஸ் தொடங்கிய ஆர்சிஸ்லாக்கும் தலையாயவை. பழைய முறையில் வரிகள் அஞ்சலட்டை போல அனுப்பப்பட்டன. வழியில் தொலைந்தால் அனுப்பியவருக்கும் தெரியாது, பெறுபவருக்கும் தெரியாது. ஆர்சிஸ்லாக் இதற்கு மாற்றாக, பெற்றதற்கு ஒப்புகை தரும் முறை ஒன்றை அமைத்தது. பதிவுத் தபாலில் கையொப்பம் பெறுவதை ஒத்தது அது. வழியில் பிறர் படியாவண்ணம் மறையாக்கம் செய்தும் அனுப்பலாம்.

2011இல் லென்னார்ட் பாட்டரிங், கே ஸீவர்ஸ் ஆகியோர் லினக்ஸுக்கென ‘ஜர்னல்’ என்னும் புதிய பதிவேட்டை அறிவித்தனர். எந்த நிரல், எந்தப் பயனர், எந்த எண்ணுடைய செயல் என்பவற்றை அனுப்புபவரின் சொல்லை நம்பாமல் இயக்க அமைப்பே சரிபார்த்து எழுதுவது இதன் இயல்பு. விரும்பினால் குறித்த இடைவெளியில், வழக்கமாக 15 நிமிடங்களுக்கு ஒருமுறை, பதிவுகளுக்கு முத்திரை இடவும் இதனால் இயலும். முத்திரையிடப்பட்ட பகுதியைப் பின்னர் எவரேனும் திருத்தினால் சோதனையில் அது வெளிப்படும். முழுவதும் அழிப்பதை முத்திரை தடுக்காது. ஆகவே பிறிதோரிடத்தில் படி வைப்பதற்கு இது மாற்றாகாது.

2023இல் வெளியான டெபியன் லினக்ஸின் 12ஆம் பதிப்பு, ஆர்சிஸ்லாக்கைத் தானாக நிறுவுவதை விடுத்து, ஜர்னலை மட்டுமே கொண்டு வந்தது. பழைய பழக்கத்தில் உரைக்கோப்பைத் தேடும் பணியாளர் அது காணாமல் திகைக்கக்கூடும். பதிவு இல்லாமற் போகவில்லை, இருப்பிடம் மாறியுள்ளது. வேண்டுவோர் ஆர்சிஸ்லாக்கைத் தாமே சேர்த்துக்கொள்ளலாம்.

6. எத்தனை நாள் காத்தல் வேண்டும்?

செர்ட்-இன் எனப்படும் இந்தியக் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழு, 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் 2022 ஏப்ரல் 28ஆம் நாள் ஆணை ஒன்றைப் பிறப்பித்தது. சேவை வழங்குவோர், தரவு மையங்கள், நிறுவனங்கள், அரசு அமைப்புகள் ஆகியோர் தம் கணினி அமைப்புகளின் பதிவேடுகள் அனைத்தையும் 180 நாட்கள் காக்க வேண்டும். ஆணையில் கூறிய வகைச் சைபர் நிகழ்ச்சிகளைக் கண்டறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பன அதன் முதன்மையான கூறுகள். 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட தனிநபர் தரவுக் காப்பு விதிகள், தனிநபர் தரவைக் கையாள்வோர் அதற்குரிய பதிவேடுகளை ஓராண்டு காக்கக் கூறுகின்றன. அவ்விதிகள் படிப்படியாக நடைமுறைக்கு வருவன.

இவ்விடத்தில் ஒரு பொறி மறைந்துள்ளது. லினக்ஸில் பழைய கோப்புகளைச் சுழற்றி நீக்கும் ஏற்பாடு, பொதுவாக வாரம் ஒரு கோப்பாக நான்கு வாரங்களையே காக்கும்படி அமைந்து வருகிறது. ஜர்னலோ நாட்களை எண்ணுவதில்லை. வட்டின் பத்தில் ஒரு பங்கை, மிஞ்சினால் 4 ஜிகாபைட்டை அடைந்ததும் பழையதை நீக்கத் தொடங்குகிறது. அலுவல் மிகுந்த கணினியில் இது சில நாட்களிலேயே நிகழலாம். எனவே மென்பொருளை நிறுவியவுடன் 180 நாட்கள் காக்கப்படும் என்று எண்ணுதல் தவறு. அவ்வளவைப் பணியாளரே அமைத்தல் வேண்டும்.

அதற்கு எவ்வளவு இடம் தேவை? ஒரு கணினி நொடிக்கு ஒரு வரியும், வரிக்கு 200 பைட்டும் எழுதுவதாகக் கொள்வோம். ஒரு நாளில் 86,400 வரிகள், 17.28 மெகாபைட். 180 நாட்களுக்குச் சுமார் 3.1 ஜிகாபைட். மாட்டுங்காவிலுள்ள ஜீஜாபாய் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற பெரிய கல்விக்கூடங்கள் இதற்கெனத் தனிப் பணியாளரை அமர்த்திக்கொள்ளக்கூடும். தாராவியில் 20 கணினிகள் உடைய ஒரு பள்ளிக்கோ சிறு தொழிற்கூடத்துக்கோ அவ்வசதி இல்லை. ஆயினும் இருபது கணினிகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 62 ஜிகாபைட் போதும். ஒரே மாதிரியான சொற்கள் திரும்பத் திரும்ப வருவதால் பதிவேடு நன்கு சுருங்கும். பத்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் 6 ஜிகாபைட்டே ஆகும். சட்டைப்பையில் அடங்கும் ஒரு நினைவுக்கோலின் கொள்ளளவில் இது சிறு பகுதி. காக்க இயலாமைக்குப் பொருட்செலவைக் காரணமாகக் கூறுவதற்கில்லை.

7. தேடும் முறைகளும் உரிமங்களும்

கோடிக்கணக்கான வரிகளுள் வேண்டிய ஒன்றைக் கண்டெடுக்க இருவேறு வழிகள் உள. முதலாவது, நூலின் இறுதியில் உள்ள சொல்லடைவைப் போன்றது. ஒவ்வொரு சொல்லும் எந்தெந்த வரியில் வருகிறது என்று முன்னரே அட்டவணை செய்துவிடுவர். 2010இல் வெளிவந்த எலாஸ்டிக்சர்ச் இவ்வகையினது. தேடல் விரைவாக முடியும். அட்டவணைக்கு வட்டிலும் நினைவகத்திலும் மிகுந்த இடம் வேண்டும்.

இரண்டாவது, நூலகத்தின் அலமாரிகளில் மட்டும் பெயர்ச்சீட்டு ஒட்டுவதைப் போன்றது. எந்தக் கணினி, எந்த நிரல் என்ற சீட்டுகளே அட்டவணையில் இடம்பெறும். உள்ளடக்கம் சுருக்கி அடுக்கப்படும். 2018 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட லோக்கி இம்முறையைப் பின்பற்றுவது. தேடும்போது சற்றுக் காலம் கூடும். செலவு பெரிதும் குறையும். எந்தக் கணினியில், எந்த நாளில் என்பது தெரிந்த நிலையில் தேடும் சிறு நிலையங்களுக்கு இது பொருந்தும்.

அண்மைக்காலத்தில் இத்துறையைக் கலக்கிய செய்தி உரிமம் பற்றியது. பிறர் இதனை வாடகைச் சேவையாக விற்றுப் பொருளீட்டுவதைத் தடுக்கக் கருதி, எலாஸ்டிக் நிறுவனம் 2021 சனவரியில் தன் மென்பொருளின் திறந்த மூல உரிமத்தை மாற்றியது. உடனே அமேசான் நிறுவனம் பழைய நிரலிலிருந்து கிளைத்த ஓப்பன்சர்ச்சை அவ்வாண்டே வெளியிட்டது. 2024 ஆகஸ்டில் எலாஸ்டிக் மீண்டும் ஒரு திறந்த மூல உரிமத்தைச் சேர்த்தது; அடுத்த திங்களில் ஓப்பன்சர்ச் லினக்ஸ் அறக்கட்டளையின் பொறுப்பில் சேர்ந்தது. கிரேலாக் என்னும் மென்பொருளும் 2020இல் தன் உரிமத்தை மாற்றிக்கொண்டதே.

இதனால் அறியக் கிடப்பது யாது? மென்பொருளின் பெயர் மாறலாம், உரிமம் மாறலாம், ஆனால் பதிவுகள் 180 நாளோ ஓராண்டோ அதற்கு மேலோ படிக்கத்தக்கனவாக இருத்தல் வேண்டும். ஆதலின் எந்த ஒரு நிறுவனத்தையும் சாராத பொது வடிவில் அவற்றை வைப்பதே அறிவுடைமை. இந்நோக்குடன் 2019இல் தொடங்கிய ஓப்பன்டெலிமெட்ரி, பதிவேடுகளுக்குரிய பொது விவரக்குறிப்பை 2023இல் நிலைபெறச் செய்தது.

8. படிப்பவர் இல்லாப் பதிவேடு

எழுதப்பட்டும் படிக்கப்படாத பதிவேட்டால் பயனில்லை. வாரம் ஒருமுறையேனும் கடுமை 0 முதல் 3 வரையுள்ள வரிகளைப் பார்வையிடுதல், நள்ளிரவில் நிகழ்ந்த உள்நுழைவுகளைக் கவனித்தல், தொடர்ந்து எழுதிவந்த கணினி திடீரென மௌனமாகிவிட்டதா என நோக்குதல் ஆகிய மூன்றும் அடிப்படைக் கடமைகள். மௌனமும் ஒரு செய்தியே. இப்பணியில் துணைசெய்ய, ஐயத்துக்குரிய வரிகளைப் பிரித்தெடுத்து எச்சரிக்கும் வாஸூ போன்ற திறந்த மூல மென்பொருள்களும் உள்ளன.

பதிவுக் கருவிக்கும் காவல் வேண்டும் என்பதை 2021 டிசம்பர் உணர்த்தியது. ஜாவா நிரல்களில் பரவலாக வழங்கும் லாக்4ஜே என்னும் பதிவு நிரலகத்தில் ஒரு பெருங்குறை வெளிப்பட்டது. தீயோன் ஒரு குறிப்பிட்ட சொற்றொடரை அனுப்பினால், அதனை எழுதிவைக்க முனைந்த நிரலே அவன் கட்டளையை நிறைவேற்றியது. எழுத்தர் தமக்கு வந்த மனுவை ஏட்டில் பதியாமல், அதிலுள்ளதை ஆணையாகக் கொண்டு செயற்பட்டதை ஒக்கும் இது. குறை விரைவில் திருத்தப்பட்டது. ஆனால் தம் கணினிகளில் அந்நிரலகம் உள்ளதா என்பதையே அறியாத அலுவலகங்கள் நெடுநாள் இடர்ப்பட்டன.

மேலும், பதிவேட்டில் மனிதரின் நடமாட்டம் அடங்கியுள்ளது. பயனர் பெயர் இடவேண்டிய இடத்தில் சிலர் மறதியாகக் கடவுச்சொல்லை இட்டுவிடுவர், அதுவும் பதிவாகும். எனவே பதிவேட்டைத் திறக்கும் உரிமை ஓரிருவருக்கே இருத்தல் வேண்டும். அவர்கள் திறந்ததும் பதிவாதல் வேண்டும்.

9. பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும்

களப்பணியாளர் ஒரு நிலையத்துக்குச் செல்லும்போது ஐந்து வினாக்களை எழுப்பலாம். எல்லாக் கணினிகளின் கடிகாரங்களும் ஒத்துள்ளனவா? பதிவின் படி பிறிதோரிடத்தில் உள்ளதா? 180 நாட்களுக்கு முந்தைய வரி ஒன்றை இப்போதே எடுத்துக் காட்ட இயலுமா? சென்ற வாரம் அதனைப் படித்தவர் யார்? நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தால் 6 மணி நேரத்துக்குள் எவருக்கு, எவர் தெரிவிப்பார்? இவற்றுள் மூன்றாம் வினாவே பெரும்பாலும் குறையை வெளிப்படுத்தும்.

ஆசிரியர்கள் மாணவரைக் கொண்டு பின்வரும் பயிற்சிகளைச் செய்விக்கலாம்.

(அ) தலைப்பெண்கள் 38, 83, 165 ஆகியவற்றின் பகுதி எண்ணையும் கடுமை எண்ணையும் காண்க. எது மிகவும் கடுமையானது?

(ஆ) வகுப்பை இரு குழுவாக்கி, ஒரு குழுவின் கடிகாரத்தை இரண்டு நிமிடம் பிந்த வைக்க. ஒரு மணி நேரத்தில் பள்ளியில் நிகழ்வனவற்றை இரு குழுவும் நேரத்துடன் எழுதுக. பின்னர் இரண்டையும் ஒரே பட்டியலாக்கி, எங்கு வரிசை பிறழ்கிறது என நோக்குக.

(இ) பள்ளியின் கணினி ஒன்று ஒரு நாளில் எழுதும் வரிகளை எண்ணி, ஓராண்டுக்குத் தேவையான இடத்தைக் கணக்கிடுக.

முதற்பயிற்சியின் விடை: 38 என்பது பகுதி 4, கடுமை 6, 83 என்பது பகுதி 10, கடுமை 3, 165 என்பது பகுதி 20, கடுமை 5. ஆகவே 83 என்னும் வரியே முதலில் கவனிக்கத்தக்கது.

மும்பை போன்ற மாநகரில் மின்சாரம், ரயில், வங்கி, மருத்துவமனை ஆகிய யாவும் கணினியின் கட்டளையால் இயங்குகின்றன. அவற்றுள் ஒன்று நிற்கும்போது பழி எவர்மேலும் எளிதில் விழலாம். பிழை செய்யாத பணியாளரைக் காப்பதும், மீண்டும் அப்பிழை நேராமல் தடுப்பதும், நேரத்தோடும் ஒழுங்கோடும் எழுதிக் காக்கப்பட்ட சில வரிகளே. அவ்வரிகளை எழுதும் கருவிகள் இன்று எவருக்கும் விலையின்றிக் கிடைக்கின்றன. அவற்றை முறையாக அமைத்து நாள்தோறும் பேணுதல் பணியாளரின் பொறுப்பாகும்.